டிராக்டர் மாமா பதில்கள்

போன இதழில் எங்கள் பழைய டிராக்டர் வட்டத்தைப் பற்றிப் போகிறபோக்கில் இரண்டு பத்தி எழுதினேன். கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பினாங்கு மாநிலத்து நிபோங் திபாலுக்கு அனுப்பிவிட்டு, "மாமா, உங்களுக்கு இந்த முறை மூணு பக்கம்" என்றார். மூணு பக்கத்தில் அடங்கியவை இவை. கார்புரேட்டர் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அடுத்த இதழில் பார்ப்போம்.

தாத்தா தோட்டத்து ஏலத்தில் எடுத்த சிவப்பு மாஸி பெர்குசன் ஒன்று எங்கள் ரம்புத்தான் மரத்தடியில் இருபது வருடத்துக்கு மேலாக நிற்கிறது. எஞ்சின் அசையவே மாட்டேன் என்கிறது. மாடல் 35-ஆ, 135-ஆ என்றுகூடத் தெரியவில்லை. அப்பா பழைய இரும்புக்காரரிடம் விலை பேசிவிட்டார். காப்பாற்ற வழி உண்டா?
*வாசகர், கூலிம்*

முதலில் அப்பாவிடம் ஒரு மாதம் தவணை வாங்குங்கள் தம்பி. இருபது வருடம் நின்ற வண்டி இன்னும் நாலு வாரம் நிற்கும். இரும்பாகப் போட்டால் ஒன்றரை டன்கூடத் தேறாது.

எது என்று கண்டுபிடிப்பது சுலபம். முகத்தைப் பாருங்கள். பானெட் உருண்டையாக வழிந்து இறங்கினால் 35, பெட்டி மாதிரி சதுரமாக இருந்தால் 135. 35 என்றால் அதோடு விடாதீர்கள், டீசல் பம்பிலிருந்து தலைக்குப் போகும் குழாய்களை எண்ணுங்கள். மூன்று இருந்தால் பெர்கின்ஸ் எஞ்சின், 1959-லிருந்து வந்தது, உங்களுக்கு நல்ல காலம். நான்கு இருந்தால் அதற்கு முந்தைய ஸ்டாண்டர்டு எஞ்சின். அது காலையில் எழுந்திருக்க அழும் பிள்ளை. குளிர்தேசத்தில் அதைத் திட்டாத ஆள் கிடையாது. நம் ஊர் வெயிலில் அவ்வளவாகத் தெரியாது, ஆனால் தேய்ந்து போனது இங்கேயும் மல்லுக்கு நிற்கும்.

இப்போது எஞ்சினுக்கு வருவோம். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றுங்கள். டீசலையும் ஆட்டோமேட்டிக் கார் கியர்ப்பெட்டி எண்ணெயையும் பாதிக்குப் பாதி கலந்து, ஒவ்வொரு ஓட்டையிலும் அரை டம்ளர் ஊற்றி, துணியால் மூடி விட்டுவிடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தரம் எட்டிப் பாருங்கள். இறங்கியிருந்தால் மறுபடி ஊற்றுங்கள். இறங்குவது நல்ல சகுனம், பிஸ்டன் ரிங்குகளின் இடுக்கில் எண்ணெய் போகிறது என்று பொருள். பத்து நாள் கழித்து டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். உலுக்க வேண்டாம், தொட்டில் ஆட்டுகிற மாதிரி. எங்கள் வட்டத்தில் ஒரு ஃபோர்ட்சன் பவர் மேஜர் டிராக்டர் ஏழு வாரம் அசையாமல் கிடந்து, எட்டாவது வாரம் ஒரு விரல் நகர்ந்தது. அன்றைக்கு எல்லாருக்கும் மீ கோரிங் வாங்கிக் கொடுத்தார் சொந்தக்காரர்.

செய்யக் கூடாததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செய்தவன் நான்தான். 1983-இல் இப்படி ஊறப்போட்ட ஒரு 35, சக்கரம் அசைந்ததும் ஆர்வக்கோளாறில் இன்ஜெக்டர்களை மாட்டி, லோரியில் கயிறு கட்டி இழுக்கச் சொன்னேன். உள்ளே ஊற்றிய எண்ணெய் முழுவதும் வெளியேறவில்லை. எண்ணெய் காற்று மாதிரி அமுங்காது. பிஸ்டன் மேலே வந்தது, எண்ணெய் இடம் விடவில்லை, கனெக்டிங் ராடு வளைந்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆகவே இன்ஜெக்டர் ஓட்டைகள் திறந்தே இருக்க, கையால் பலமுறை சுற்றி, எல்லாம் பீய்ச்சி வெளியே வந்த பிறகுதான் அடுத்த வேலை. அந்த நேரத்தில் ஓட்டைக்கு நேரே முகத்தை நீட்டாதீர்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் என் வீட்டுக்காரர் ஆறு மணிக்கே பினாங்குப் பாலம் ஏறிவிடுகிறார். இரவு வரும்போது சட்டையெல்லாம் கிரீஸ். அப்படி என்னதான் செய்கிறீர்கள் அங்கே?
*வாசகி, ஜார்ஜ்டவுன்*

அம்மா, உங்கள் வீட்டுக்காரர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. காட்டிக்கொடுக்க மாட்டேன்.

உண்மையைச் சொன்னால் பாதி நேரம் பேச்சுதான். சுங்கை பாக்காப்பில் என் பழைய பட்டறையின் பின்பக்கம், தகரக் கொட்டகை. நாங்கள் பதினாறு பேர். தமிழர், மலாய்க்காரர், சீனர், எல்லாரும் உண்டு. ஏழு மணிக்கு எல்லா வண்டியையும் ஸ்டார்ட் பண்ணிவிட வேண்டும், அது ஒன்றுதான் சட்டம். மாதம் ஒரு தரமாவது எண்ணெய் ஏறி இறங்காவிட்டால் சீல் காய்ந்துவிடும், டீசல் பம்ப் ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்ட் ஆகாத வண்டிக்காரர் அன்றைய தே தாரிக் செலவை ஏற்க வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் இந்த வருடம் நாலு தரம் ஏற்றிருக்கிறார். அந்தக் கிரீஸின் கதை இதுதான்.

பிறகு சாமான் பரிமாற்றம். ஒருவரிடம் இரண்டு டைனமோ, இன்னொருவரிடம் ஒன்றுமே இல்லை. கேஸ்கெட் கடையில் கிடைக்காவிட்டால், எங்கள் சீன நண்பர் ஒருவர் தடித்த கேஸ்கெட் தாளை வண்டியின் மேலேயே வைத்து, சின்னச் சுத்தியலால் ஓரங்களைத் தட்டித்தட்டியே வெட்டி எடுத்துவிடுவார். பார்க்க மிருதங்கம் வாசிப்பது போலிருக்கும். நெல் அறுத்த பிறகு வருடத்தில் ஒருநாள் சுங்கை ஆச்சே பக்கம் போவோம். எங்களோடு இருக்கும் பாக் சிக் (மலாய்ப் பெரியவர்) ஒருவரின் வயலில் காய்ந்த மூலையாகப் பார்த்து உழுவோம். அவர் வயலை நிஜமாக உழுவது குபோட்டா டிராக்டர். நாங்கள் உழுத பிறகு அவர் மறுபடி ஒரு தரம் உழுதுகொள்வார், வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்.

இன்னொன்று மெதுவோட்டப் பந்தயம். கடைசியாக வருபவர்தான் வெற்றி. கிளட்சை மிதித்தால் அவுட், எஞ்சின் அணைந்தாலும் அவுட். இங்கிலாந்தில் பழைய டிராக்டர்க்காரர்கள் கூடுகிற இடங்களில் இது உண்டு. அங்கே பத்து முப்பது வண்டிகள் வரிசையாகக் கிராமத்துச் சாலையில் ஊர்வலமும் போகும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து மவுன்ட் பிளசன்ட் ஊரில் 1950-லிருந்து வருடா வருடம் கூட்டம் கூட்டி, நீராவி எஞ்சினில் பெல்ட் மாட்டிக் கதிரடித்துக் காட்டுகிறார்கள். நாங்கள் அந்த அளவுக்கு இல்லை. ஒருநாள் நீங்களும் வாருங்கள், நாற்காலி போட்டுத் தருகிறோம். வரும்போது அவர் உங்களிடம் மறைத்து வைத்திருக்கும் இரண்டாவது டிராக்டரைப் பற்றிக் கேட்காதீர்கள். ஐயோ, எழுதிவிட்டேன்.

கோயில் திருவிழாவுக்கு என் டிராக்டரைச் சாலையில் ஓட்டிப் போகலாமா? கார் லைசென்ஸ் இருக்கிறது.
*வாசகர், வல்டோர்*

கூடாது. டிராக்டருக்கு லைசென்ஸில் தனி வகுப்பு, வண்டிக்கும் பதிவு, சாலை வரி, காப்புறுதி வேண்டும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். அதுவரை லோரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள், நாங்களும் அப்படித்தான். முன்பு தோட்டத்துத் திருவிழாவில் டிரெய்லரில் வாழைமரம் கட்டி, சாமியை ஏற்றி, தொழிலாளர் குடியிருந்த லயம் லயமாக இழுத்துப் போனோம் என்றால், அது தோட்டத்துச் செம்மண் பாதை.

தமிழ்ப்பள்ளி விளையாட்டு விழாவில் ஐம்பது மாணவர்கள் ஒருபக்கம், உங்கள் டிராக்டர் ஒருபக்கம் வைத்துக் கயிறு இழுக்கும் போட்டி நடத்த ஆசை. வருவீர்களா?
*ஆசிரியை, பட்டர்வொர்த்*

விழாவுக்கு வருகிறேன் டீச்சர், கயிற்றுக்கு வரமாட்டேன்.

கயிறு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும், அது ஒன்று. அதைவிடப் பயமானது டிராக்டர் பின்பக்கமாக நிமிர்ந்து கவிழ்வது. இழுக்கும் பாரத்தைப் பின் அச்சுக்குக் கீழே, டிராபார் என்ற இழுவைக் கம்பியில்தான் மாட்ட வேண்டும். அச்சுக்கு மேலே எதிலாவது கட்டிவிட்டால், பாரம் அசையாதபோது சக்கரம் நின்ற இடத்திலேயே நிற்க, உடம்பு அதைச் சுற்றி மேலே எழும். முன்சக்கரம் தூக்கியதை டிரைவர் உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் முடிந்துவிடும். நாங்கள் வைத்திருக்கும் வண்டிகளில் தலைக்கு மேல் கம்பியும் கிடையாது, கூடும் கிடையாது. பிரிட்டனில்கூட 1970-இல்தான் புது டிராக்டர்களுக்குப் பாதுகாப்புக் கூடு கட்டாயமானது. நம் தோட்டத்தில் ஓடியவை அதற்கு முந்தியவை.

பதிலுக்கு ஒன்று செய்கிறேன். வண்டியை நிறுத்தி வைத்து, பிள்ளைகளை விட்டு எஞ்சின் சத்தத்தை எண்ணச் சொல்கிறேன். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் மெதுவாக ஓடும்போது ஒரு தினுசாக நொண்டும். கண்ணை மூடிக்கொண்டே நாலு சிலிண்டரிலிருந்து பிரித்துச் சொல்லலாம். பரிசுக்குப் பென்சில் பெட்டி என் செலவு.

எல்லாரும் பெர்குசன், பெர்குசன் என்கிறார்கள். மற்ற கம்பெனிகளும் அப்போது டிராக்டர் செய்தனவே, இதில் என்ன விசேஷம்?
*ஐந்தாம் படிவ மாணவன், சுங்கை பட்டாணி*

நல்ல கேள்வி. உன் தாத்தா ஊரில் ஏர் பிடித்தவராக இருந்தால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

மாடு இழுக்க, உழுகிறவர் கை மேழியில் இருக்கும். மண் இறுகினால் கைக்குத் தெரியும், லேசாகத் தூக்குவார். இளகினால் அமுக்குவார். பழைய டிராக்டர்களில் கலப்பையை வெறுமனே பின்னால் கட்டி இழுத்தார்கள், அந்தக் கை இல்லை. அயர்லாந்துக்காரரான ஹாரி பெர்குசன் அந்தக் கையை இரும்பில் செய்தார். கலப்பையை மூன்று புள்ளிகளில் வண்டியோடு சேர்த்தார். கீழே இரண்டு கை, மேலே ஒன்று. மண் இறுகினால் மேல் கை ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும், அது ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும், கலப்பை தானே கொஞ்சம் எழும். கலப்பையின் பாரமும் பின் சக்கரத்தில் வந்து இறங்குவதால் சின்ன வண்டியே பெரிய வேலை செய்யும். இன்றைக்கு உன் ஊர்ப் பக்கம் முடா வயல்களில் ஓடும் டிராக்டர்களைப் பின்பக்கம் போய்ப் பார், அதே மூன்று புள்ளி.

1938-இல் ஹென்றி ஃபோர்டோடு வெறும் கைகுலுக்கலில் ஒப்பந்தம் போட்டார், எழுத்து கிடையாது. ஃபோர்டின் பேரன் காலத்தில் அது முறிந்து, வழக்காகி, 1952-இல் 92 லட்சத்து 50 ஆயிரம் டாலரில் முடிந்தது. இடையே இங்கிலாந்தில் கோவென்ட்ரியில், போர்க்கால விமான எஞ்சின் தொழிற்சாலை ஒன்றில் 1946-லிருந்து டிஇ20 என்ற சாம்பல் நிற வண்டியைச் செய்ய வைத்தார். பத்து வருடத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் வெளியே வந்தது. எவரெஸ்ட் ஏறிய ஹில்லரி அதே வண்டிகளுக்குச் சங்கிலிப் பட்டை மாட்டி 1958 ஜனவரி 4-ஆம் தேதி தென் துருவத்தை அடைந்தார்.

எனக்குப் பிடித்தது வேறு. டிஇ20-க்கு ஸ்டார்ட்டர் சாவியில் இல்லை, கியர் கம்பியில் இருக்கிறது. கம்பியை 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும். அங்கே கம்பி இருக்கும்போது எந்தக் கியரிலும் இருக்க முடியாது. ஆக, கியரில் மறந்து ஸ்டார்ட் செய்து முன்னால் நிற்கிறவனை ஏற்றிவிட வழியே இல்லை. ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை செய்ய முடியாததை ஒரு கம்பியின் வளைவு செய்கிறது.

35-க்கு அசல் நிறம் என்ன? பழுது பார்த்துப் பளபளவென்று பெயின்ட் அடிக்கப் போகிறேன்.
*வாசகர், கிள்ளான்*

1956-இல் வந்தபோது சாம்பல் தகரமும், எஞ்சின் கியர்ப்பெட்டி எல்லாம் செம்பு கலந்த தங்க நிறமும். 1957 கடைசியிலிருந்து சிவப்பும் சாம்பலும். ஃபோர்ட்சன் மேஜராக இருந்தால் நீல உடம்பு, ஆரஞ்சுச் சக்கரம். பதில் முடிந்தது.

ஆனால் பெயின்ட் அடிக்கும் முன் ஒரு நிமிடம். சில வருடத்துக்கு முன் ஜாவி பக்கம் மூடிய தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு 35 வாங்கினேன். மட்கார்டைத் தேய்க்கும்போது மூன்று பூச்சுக்கு அடியில் வெள்ளை எழுத்து தெரிந்தது. 'முனியாண்டி துணை', கீழே ஒரு பெயர். நல்ல கையெழுத்து, 'ண்'ணுக்கு மூன்று சுழியும் ஒழுங்காக. மணல் தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்தப் பெயரை இரண்டு திருவிழாவில் விசாரித்து, கடைசியில் ஒரு தாமானில் (குடியிருப்பில்) அவர் மனைவியைக் கண்டுபிடித்தோம். அவர் காலமாகிப் பல வருடம். பாட்டியைக் கூட்டி வந்து வண்டியை ஸ்டார்ட் செய்தேன். தொட்டுப் பார்ப்பார், அழுவார் என்று நினைத்தேன். "இதுவா? இது வாய்க்கால் பாலத்துக்கிட்ட வர்ற சத்தம் கேட்டாத்தான் நான் உலை வைப்பேன். சாகுற வரைக்கும் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்ல" என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வட்டத்து நோட்டில் ஒரு கட்டம் கூடியது. முன்பு வண்டி எண், எஞ்சின் எண், வருடம். இப்போது ஓட்டியவர், கிரீஸ் அடித்தவர். பத்தொன்பது வண்டிகளில் ஏழுக்குத்தான் பெயர் கிடைத்திருக்கிறது. நீங்கள் வாங்கிய வண்டி எந்தத் தோட்டத்தது என்று எழுதுங்கள். மட்கார்டின் உள்பக்கம், கருவிப்பெட்டி மூடி, சீட்டுக்கு அடித்தகரம், இந்த மூன்றையும் பார்க்காமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள்.

கோபமாகத்தான் எழுதுகிறேன். துரைமார் நம்மை வேலை வாங்கிய இயந்திரம் இது. அதைத் துடைத்துப் பூசை போடுவது அடிமைப் புத்தி இல்லையா?
*வாசகர், செந்தூல், கோலாலம்பூர்*

ஆயுத பூசை அன்று தவிர பூசை போடுவதில்லை. அன்றைக்கும் எலுமிச்சம்பழம் மட்டும்தான்.

கோபம் நியாயமானது. இந்தச் செபராங் பிறை மண்ணில் ரப்பருக்கு முன்பே கரும்புத் தோட்டம் இருந்தது, அதற்கே நம் ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். 1910-இல் அந்த முறை ஒழிந்தும், கங்காணி வழியாக 1938 வரை ஆள் வந்துகொண்டிருந்தது. என் தாத்தா அப்படி வந்தவர், ரப்பர் பால்வாளியைத் தோளில் சுமந்தவர். என் அப்பா காலத்தில் அந்த வாளிகள் டிரெய்லர் தொட்டியில் ஊற்றப்பட்டன, டிராக்டர் இழுத்தது. அதனால் தோளுக்கு ஓய்வு. அதே டிராக்டர் வந்ததால் மாட்டுவண்டிக்காரர்கள் இருவருக்கு வேலை போனது. டிரெய்லரின் ஓரத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போன ஒரு பெண், பள்ளத்தில் குலுங்கி விழுந்து இறந்ததை நான் பட்டறை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, பிட்டர் வேலையில் சேர்ந்த முதல் வருடம். மறுநாள் அந்த டிரெய்லருக்குப் பலகை அடித்தவனும் நான்தான். ஒருநாள் முன்னால் அடித்திருக்கலாம்.

எங்கள் கொட்டகையில் அந்த டிரெய்லரின் கொக்கி தொங்குகிறது, பெயின்ட் அடிக்காமல். துரைமாரின் பங்களாவுக்கு வாழ்வு உண்டு, யாராவது விடுதியாக்கிவிடுவார்கள். லயங்களை இடித்தாகிவிட்டது. மிச்சம் கிடப்பது இந்த இரும்புதான். இதையும் விற்றுவிட்டால் எதைக் காட்டி என் பேத்திக்கு அந்தப் பெண்ணின் கதையைச் சொல்வேன்? நீங்கள் இதற்கும் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று தெரியும். ஒரு முதல் ஞாயிறு வந்து நேரில் சண்டை போடுங்கள், பதினாறு பேரில் மூன்று பேர் உங்கள் கட்சி.

டீசல் தீர்ந்து நின்றது. ஊற்றியும் ஸ்டார்ட் ஆகவில்லை.
*வாசகர், ஈப்போ*

காற்று புகுந்திருக்கிறது. பில்டர் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அடியுங்கள். நுரை நின்று சுத்த டீசல் வந்ததும் இறுக்குங்கள். பிறகு இன்ஜெக்ஷன் பம்பில் அதே மாதிரி. கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். இனிமேல் தொட்டியைக் கால்வாசிக்குக் கீழே விடாதீர்கள், அடியில் நம் ஊர் ஈரத்துத் தண்ணீர் வேறு தங்கியிருக்கும்.

அப்பாவுக்கு 81 வயது. 60-களிலும் 70-களிலும் தோட்டத்து டிராக்டர் ஓட்டியவர். இப்போது அதிகம் பேசுவதில்லை, டிவியைக்கூடப் பார்ப்பதில்லை. அவரை உங்கள் இடத்துக்கு ஒருநாள் அழைத்து வரலாமா? முழங்கால் வலி உண்டு, ஏறி உட்கார முடியுமா என்று தெரியவில்லை.
*மகள், புக்கிட் மெர்தாஜாம்*

அழைத்து வா அம்மா. எங்கே போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் சில பெரியவர்கள் கிளம்ப மாட்டார்கள். ஏழரை மணிக்கு வந்துவிடு, அப்போதுதான் எல்லா வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். காரை வாசலிலேயே நிறுத்து, சத்தம் அவரிடம் முதலில் போகட்டும்.

ஏறுவதற்கு இரண்டு படி வைத்த மரப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறோம். டிஇ20 குட்டை வண்டி, பின்பக்கமாக ஏறி உட்கார்ந்துவிடலாம், காலை அதிகம் தூக்க வேண்டாம். கிளட்சு இடது கால், கொஞ்சம் கனம். எந்த முழங்கால் வலி என்று எழுதவில்லையே? இடது என்றால் எஞ்சினை மட்டும் ஓடவிட்டு உட்காரட்டும், வலது என்றால் கொட்டகையைச் சுற்றி ஒரு வட்டம் போகலாம், நான் பக்கத்திலேயே நடந்து வருவேன். வேட்டி வேண்டாம், கால்சட்டை போட்டுவிடு. பின்னால் சுற்றும் தண்டில் துணி மாட்டினால் ஆபத்து. அந்தத் தண்டை அன்றைக்கு நான் அணைத்தே வைத்திருப்பேன், இருந்தாலும் பழக்கம் பழக்கம்தான். தொப்பியும் மருந்தும் கொண்டு வா. அவருக்குக் கோப்பியில் சர்க்கரை உண்டா இல்லையா என்பதையும் எழுது.

அவர் எந்தத் தோட்டத்தில் ஓட்டினார் என்று நீ சொல்லவில்லை. நோட்டில் பெயர் இல்லாத பன்னிரண்டு வண்டிகள் இருக்கின்றன. நான் கேட்க மாட்டேன், அவராகச் சொன்னால் எழுதிக்கொள்வேன். மழை பெய்தால் வராதே, களிமண் வழுக்கும். அடுத்த மாதம் பார்க்கலாம்.